வீடு வந்தாச்சு... சாக்கடை எப்போ வரும்?

'சென்னைக்கு மிக அருகில்!'

ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்தால் இந்த விளம்பரம் கண்ணில் படாமல் போகாது. ரயில்வே ஸ்டேஷன் பத்து நிமிஷம், ஸ்கூல் அஞ்சு நிமிஷம், ஐ.டி. கம்பெனி கூப்பிடு தூரம் என்று எல்லாம் போட்டிருப்பார்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டா, குழாயில் வருவது எந்தத் தண்ணீர், நடுராத்திரியில் பிரசவ வலி எடுத்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவது... இந்த மூன்றும் மட்டும் அதில் இருக்காது. வாங்கப் போகிற நாமும் கேட்பதில்லை. தரை டைல்ஸா, கிரானைட்டா என்று கேட்போம். சமையலறை அக்னி மூலையில் இருக்கிறதா என்று பார்ப்போம். பத்திரத்தைப் பதிந்து, பால் காய்ச்சி, குடி போய்விடுவோம்.

அப்புறம் ஒரு மழைக்காலம் வரும். தெருவெல்லாம் கழிவுநீர். நம் வீட்டில் ஒருத்தருக்கு டைஃபாய்டு, பக்கத்து வீட்டில் மஞ்சள் காமாலை. 'ஜனத்தொகை பெருத்துப் போச்சு சார்... இவ்வளவு கூட்டம் சேர்ந்தா வியாதி வராம என்ன செய்யும்?' என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம்.

இந்தச் சமாதானத்தில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் பேசாமல் விடுவதால்தான் வியாதி நம்மை விட மாட்டேன் என்கிறது.

குழந்தைகள் பெருகவில்லை, குடித்தனங்கள் இடம் மாறின

ஜனத்தொகை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சிவப்பு முக்கோணமும், 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்ற வாசகமும்தான். அந்தப் பாடத்தைத் தமிழ்நாடு என்றைக்கோ படித்து முடித்துவிட்டது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை பிறந்தால் ஜனத்தொகை கூடாமல் குறையாமல் நிற்கும் என்பது கணக்கு. தமிழ்நாடு 1990-களிலேயே அந்த இடத்தைத் தொட்டுவிட்டது. 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி இங்கே அது 1.8. ஒற்றைக் குழந்தையோடு நிறுத்திக்கொண்ட வீடுகள் உங்கள் தெருவிலேயே எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், புரியும்.

அப்படியானால் இந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது?

2001-ல் சென்னை மாவட்டத்தின் ஜனத்தொகை 43 லட்சத்து 43 ஆயிரம். 2011-ல் 46 லட்சத்து 46 ஆயிரம். பத்து வருஷத்தில் கூடியது மூன்றே லட்சம். அதாவது சுமார் 7 சதவிகிதம். அதே பத்து வருஷத்தில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் 28 லட்சத்து 77 ஆயிரத்திலிருந்து கிட்டத்தட்ட 40 லட்சமானது. 39 சதவிகிதம்! திருவள்ளூர் மாவட்டம் 27 லட்சத்து 55 ஆயிரத்திலிருந்து 37 லட்சத்து 28 ஆயிரத்துக்குத் தாவியது. 35 சதவிகிதம்! நகரத்துக்குள் மூன்று லட்சம். நகரத்தைச் சுற்றியுள்ள இரண்டு மாவட்டங்களில் இருபது லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பகுதி சென்னையை ஒட்டிய ஊர்களில்தான்.

ஆக, ஊதியது சென்னை இல்லை. சென்னையின் ஓரம்.

யார் வந்தது?

'எல்லாம் வடக்கேயிருந்து வர்றவங்களாலதான்' என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. 2001 கணக்கெடுப்பு வேறு கதை சொல்கிறது. வெளியிலிருந்து சென்னைக்கு வந்து குடியேறியவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் வேலை தேடி வந்த நம் அப்பாக்கள், சித்தப்பாக்கள், நாம்! ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கட்டட வேலைக்கும் ஃபேக்டரி வேலைக்கும் பீகார், ஒடிசாவிலிருந்து நிறையப் பேர் வந்திருப்பது நிஜம்தான். நாம் குடியிருக்கும் அடுக்குமாடியைக் கட்டியதே அவர்கள் கைகள்தானே.

இன்னொரு கூட்டமும் உண்டு. தி.நகரிலும் மயிலாப்பூரிலும் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல், சொந்தமாக இரண்டு பெட்ரூம் வேண்டும் என்று தாம்பரத்துக்கு அப்பாலும் ஆவடிக்கு அப்பாலும் போன நடுத்தரக் குடும்பங்கள். ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விடப்பட்ட ஏழைக் குடும்பங்களோ பல ஆயிரம். நாம் விரும்பிப் போனோம். அவர்களை விருப்பம் கேட்காமலே அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த இடம் என்னவோ ஒன்றுதான்: வீடு முதலில் வந்து, வசதி பின்னால் வருகிற இடம்.

ஜனங்கள் வருவது குற்றமில்லை. வேலை இருக்கும் இடத்துக்கு மனிதன் வரத்தான் செய்வான். எது முதலில், எது பின்னால் என்ற வரிசை தப்பியதுதான் குற்றம்.

அரை கிரவுண்டுக்குள் 18 மீட்டர்!

வரிசை தப்பினால் உடம்புக்கு என்ன ஆகும்? செப்டிக் டேங்கிலிருந்து ஆரம்பிப்போம். முகம் சுளிக்காதீர்கள். நம் ஆரோக்கியத்தில் பாதி அந்தத் தொட்டிக்குள்தான் இருக்கிறது.

செப்டிக் டேங்க் கழிவைச் சுத்தம் செய்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது செய்வது அரை வேலை. கெட்டியானது அடியில் தங்கும். நீர் வெளியே போகும். அந்த நீரில் கிருமிகள் உயிரோடுதான் இருக்கும். பக்கத்தில் தோண்டிய உறிஞ்சு குழி வழியாக அது மண்ணில் இறங்கும். மீதியை மண் வடிகட்ட வேண்டும். அதற்கு மண்ணுக்கு இடம் வேண்டும். அதனால்தான் உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே குறைந்தது 18 மீட்டர், அதாவது சுமார் 59 அடி, இருக்க வேண்டும் என்று இந்திய தர நிர்ணய அமைவனம் விதி வகுத்திருக்கிறது.

இப்போது புறநகர் மனையை எடுத்துக்கொள்ளுங்கள். அரை கிரவுண்டு, 1,200 சதுர அடி. 30-க்கு 40 என்று வைத்தால், ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே அளந்தாலும் 50 அடிதான்! 59 அடிக்கு எங்கே போவது? நம் போர்வெல்லை நம் குழியிலிருந்து தள்ளிப் போட்டால் அது பக்கத்து வீட்டுக்காரர் குழிக்கு அருகில் போய் நிற்கும். அவர் போர்வெல் நம் குழியைப் பார்த்து நிற்கும்.

ஐம்பது வீடுகளும் சுற்றிலும் வயலுமாக இருந்த கிராமத்தில் இதே செப்டிக் டேங்க் தொந்தரவில்லாத ஏற்பாடு. அதே மண்ணில் ஐயாயிரம் வீடு வந்ததும் அதுவே விஷமாகிறது. மழை பெய்து நிலத்தடி நீர் மேலே வந்தால் குழியும் கிணறும் கைகோத்துக்கொள்கின்றன. வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் வந்து சேரும் வழி இதுதான். அதிலும் தண்ணீரால் பரவும் 'ஹெபடைடிஸ் ஈ' வகைக் காமாலை, கர்ப்பிணிகளின் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது.

'நாங்கதான் ஆர்.ஓ. போட்டிருக்கோமே' என்பீர்கள். நல்லதுதான். ஆனால் மீட்டரை வைத்து டி.டி.எஸ். மட்டும் பார்த்து, 'தண்ணீர் சுத்தம்' என்று முடிவு கட்டாதீர்கள். அது காட்டுவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவை. கிருமி இருக்கிறதா, இல்லையா என்று அதற்குத் தெரியாது. தவிர, பல் தேய்ப்பதும் பாத்திரம் கழுவுவதும் கீரை அலசுவதும் எந்தத் தண்ணீரில்?

டேங்க் நிரம்பினால் லாரி வரும். எடுத்ததை எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். டேங்குக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். விஷவாயு தாக்கி உயிர் போன செய்தி இன்னமும் வருகிறது. பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் நம் சுத்தத்துக்கு இன்னொருவர் உயிரை விலையாகக் கொடுக்கிறார். இதை எந்த மனசாட்சி ஏற்கும்?

டிரம்மில் தண்ணீர்... தண்ணீரில் கொசு

குழாயில் தினமும் தண்ணீர் வராத ஊரில் என்ன செய்வோம்? பிடித்து வைப்போம். டிரம், குடம், பக்கெட், சம்ப், மொட்டை மாடித் தொட்டி. டெங்குவைப் பரப்பும் கொசுவுக்கு இதைவிட நல்ல பிரசவ வார்டு கிடையாது. அது சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். பகலில் கடிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை பல மாதம் தாக்குப்பிடிக்கும்.

வாரம் ஒருநாள் டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டியது நம் கடமை. மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் டிரம் ஏன் வந்தது? 2019 கோடையில் சென்னை தவித்ததும், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததும் மறந்திருக்காது. குழாயை நம்ப முடிந்தால் டிரம் தானாகவே போய்விடும். புகை மருந்து அடிப்பதைவிட அது பெரிய டெங்கு ஒழிப்பு.

ஏரிக்குள் வீடு, வீட்டுக்குள் ஏரி

இந்தப் பக்கத்து ஊர்ப் பேர்களைச் சொல்லிப் பாருங்கள். பழவந்தாங்கல்... தாங்கல் என்றாலே தண்ணீர் தேங்கும் சின்ன ஏரிதான். புறநகரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. இன்றைய தி.நகரே 1920-களில் மாம்பலம் ஏரியை வற்ற வைத்து எழுப்பியதுதான். அன்றைக்குத் தண்ணீர் ஒதுங்கப் பக்கத்தில் வேறு ஏரிகள் இருந்தன. இன்றைக்கு அவற்றுக்குள்ளும் 'நகர்' வந்துவிட்டது.

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் படகு விட வேண்டியிருந்தது. 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், தென்சென்னையின் மழைநீரை வாங்கி மெதுவாகக் கடலுக்கு அனுப்பி வந்த இடம். அதன் பெரும்பகுதியை வீடும் ரோடும் குப்பை மேடும் எடுத்துக்கொண்டபின் தண்ணீர் எங்கே போகும்?

வெள்ளம் வடிந்தபின்தான் டாக்டர்களுக்கு வேலை அதிகம். எலி மூத்திரம் கலந்த நீரில் வெறுங்காலோடு நடந்தால், சின்ன வெடிப்பு வழியாகக்கூட எலிக் காய்ச்சல் உள்ளே போய்விடும். சம்ப்பில் கலந்த கழிவுநீர் அடுத்த பத்து நாளில் தன் வேலையைக் காட்டும்.

ஆஸ்பத்திரி எங்கே?

சென்ட்ரல் எதிரில் அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை, ஓமந்தூரார், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, 2023-ல் கிண்டியில் திறந்தது... பெரிய அரசு ஆஸ்பத்திரிகளின் பட்டியல் போட்டால் பெரும்பாலும் பழைய நகரத்துக்குள்ளேயே சுற்றி வருகிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போனால், அடுத்த அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி செங்கல்பட்டில். நடுவில் குடியேறியிருப்பவர்கள் எத்தனை லட்சம்!

கிராமப்புறத்தில் 30 ஆயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், நகரத்தில் 50 ஆயிரம் பேருக்கு ஒன்று என்பது நாட்டின் பொது விதி. நல்ல விதிதான். சிக்கல் எங்கே என்றால், தலையை எண்ணுவதில். 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2027-க்கு என்று 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது. அதுவரை கையில் இருக்கும் முழுக் கணக்கு 2011-ஆம் வருஷத்தது. வயலாக இருந்த இடத்தில் வரிசையாகப் பத்து மாடிகள் எழும்பியிருக்கும். கணக்கில் அது இன்னும் வயல்தான்!

2011 கணக்கெடுப்பில் மேடவாக்கம் போன்ற ஊர்கள் விநோதமான நிலையில் இருந்தன. ஜனத்தொகையையும் தொழிலையும் பார்த்தால் 'நகரம்'. நிர்வாகத்தில் கிராம ஊராட்சி. தமிழ்நாட்டில் அப்படி 376 ஊர்கள்! நகரத்தின் நெரிசலும் கிராமத்தின் நிதியும் சேர்ந்தால் வியாதிக்குக் கொண்டாட்டம்தானே.

அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 2019-ல் ஆவடியும், 2021-ல் தாம்பரமும் மாநகராட்சிகளாயின. 2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆனது. 2023-ல் தமிழ்நாடெங்கும் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் நூற்றுக்கணக்கில் திறக்கப்பட்டன. சேர்த்த பகுதிகளில் சாக்கடைப் பணியும் கட்டம் கட்டமாக நடக்கிறது. ஆனால் எல்லைக்கோட்டை ஓர் உத்தரவில் நகர்த்திவிடலாம். குழாய் அப்படி நகராதே!

'வசதி தானா பின்னாடி வரும் சார்'

வீடு விற்கிறவர் சொல்லும் வசனம் இது. 'எல்லா ஊரும் இப்படித்தான் வளர்ந்துச்சு. பத்து வருஷத்துல எல்லாம் வந்துடும்' என்பார். வரலாம். அந்தப் பத்து வருஷம் யாருடைய பத்து வருஷம்? பிறந்த குழந்தை ஐந்தாம் வகுப்பு முடித்துவிடும். அறுபதில் இருக்கும் அப்பாவுக்கு எழுபது ஆகிவிடும். குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் வளர்ச்சி குறையும். நெஞ்சு வலி வந்த பெரியவருக்கு ஒவ்வொரு நிமிஷமும் உயிர். 'பின்னாடி' வருகிற வசதி இவர்களுக்கு உதவாது.

'சாக்கடை வரும்வரை வீடே கட்டக்கூடாது என்றால் விலை ஏறிவிடாதா?' என்ற கேள்வி நியாயமானது. ஏறலாம். ஆனால் இப்போதும் இலவசமாகவா இருக்கிறோம்? தண்ணீர் லாரிக்கு, கேன் தண்ணீருக்கு, கழிவு லாரிக்கு, ஃபில்டர் மாற்ற, டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, லீவு போட்ட நாள் சம்பளம்... ஒரு வருஷம் நோட்டில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். விலையில் மிச்சம் என்று நினைத்தது எங்கே போகிறது என்று தெரியும்.

எனவே இரண்டே இரண்டு விஷயத்தை நாம் ஓயாமல் கேட்க வேண்டும்.

ஒன்று: தலையை எண்ண, பத்து வருஷக் கணக்கெடுப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். கட்டட அனுமதி கொடுக்கிற அதிகாரிகளுக்கு எந்த ஊரில் எத்தனை வீடு வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியும். 500 ஃபிளாட்டுக்குக் கையெழுத்துப் போட்டால் ஏறக்குறைய 2 ஆயிரம் பேர் வரப்போகிறார்கள். அந்தக் கணக்கு அன்றைக்கே சுகாதாரத் துறைக்கும் குடிநீர் வாரியத்துக்கும் போகட்டும். வீடு எழும்பும்போதே சுகாதார நிலையமும் எழும்பட்டும்.

இரண்டு: பெரிய கட்டடங்களுக்கு அனுமதி தரும்போது அடிப்படை வசதிக்கென்று கட்டணம் வசூலிக்கிறார்கள். கடைசியில் அது நம் வீட்டு விலையில்தான் வந்து சேர்கிறது. அந்தப் பணம் முதலில் அந்த ஊரின் குழாய்க்கும் சாக்கடைக்கும் செலவாகட்டும். எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று ஊர் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கட்டும்.

நாம் செய்ய வேண்டியது?

கேட்பது மட்டும் போதாது. நம் பங்கும் இருக்கிறது.

* வீடு பார்க்கப் போகும்போது முதல் கேள்வி சாக்கடை, இரண்டாவது தண்ணீர், மூன்றாவது ஆஸ்பத்திரி. டைல்ஸ் நாலாவதாக இருக்கட்டும். 2015-லும் 2023-லும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பெட்டிக்கடைக்காரரைக் கேளுங்கள். உண்மை அங்கேதான் கிடைக்கும்.

* போர்வெல் தண்ணீரை வருஷத்துக்கு இரண்டு தடவை, அதில் ஒன்று மழைக்குப் பிறகு, கிருமிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வுக்கூடம் உண்டு. சந்தேகம் இருந்தால் தண்ணீர் நன்றாகக் கொதித்து வந்தபின், இன்னும் ஒரு நிமிஷம் கொதிக்கவிட்டுக் குடியுங்கள்.

* செப்டிக் டேங்கை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மெஷின் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே ஆள் இறங்கச் சம்மதிக்காதீர்கள். கழிவுநீரை மழைநீர்க் கால்வாயில் திருப்பிவிடாதீர்கள். அது அடுத்த தெருக் குழந்தையின் வயிற்றுக்குத்தான் போகிறது.

* கணக்கெடுக்க வருகிறவரிடம், நீங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டில் உங்கள் குடும்பத்தை எண்ணச் சொல்லுங்கள். 'சொந்த ஊர்ல எழுதிக்குவாங்க' என்று கதவைச் சாத்தினால் உங்கள் தெருவுக்கு வர வேண்டிய நர்ஸும் டாக்டரும் குறைந்து போவார்கள்.

* ஊராட்சியில் இருப்பவர்களுக்கு வருஷத்துக்கு ஆறு கிராமசபைக் கூட்டம் உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுக்குமாடிக்காரர்கள் எத்தனை பேர் ஒருதடவையாவது போயிருக்கிறோம்? மாடியின் மெயின்டனன்ஸ் மீட்டிங்கில் லிஃப்ட்டுக்காக மூன்று மணி நேரம் சண்டை போடுகிற நாம், ஊர்க் குளத்துக்காக ஒரு மணி நேரம் உட்காரக்கூடாதா? குடிசைக்காரரும் ஃபிளாட்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டால், கேட்கிற குரலுக்கு எடை கூடும். கொசுவுக்கும் கிருமிக்கும் இரண்டு வீடும் ஒன்றுதானே!

இனி யாராவது 'ஜனத்தொகை ஜாஸ்தி, அதான் வியாதி' என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வராதீர்கள். 'எத்தனை பேர் வருவாங்கன்னு கட்டட அனுமதி கொடுத்தப்பவே தெரியுமே... அத்தனை பேருக்கும் குழாய் எங்கே?' என்று திருப்பிக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் புலம்பல். நாலாயிரம் பேர் கேட்டால் குழாய் வரும்.